வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றொரு கடிதம்

போன நவம்பர் நடுவில் கோத்தகிரியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் தபால்காரர் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். கனமான தாள். மேலே என் பெயர், அதற்குக் கீழே தடித்த எழுத்தில் என் கார் நம்பர். டி.என். 43 என்று ஆரம்பிக்கும் நீலகிரிப் பதிவு நம்பரைத் தபால் கவரில் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் வீட்டில் யாருக்குமே அப்படித்தான் இருக்கும், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

பிரித்தால் பயப்பட ஒன்றுமில்லை. கீழே சமவெளியில் இருக்கும் ஒரு கார் ஷோரூமிலிருந்து வந்திருந்தது. 2015ல் நான் வண்டி எடுத்த இடம், வருஷா வருஷம் சர்வீசுக்கு விடுகிற இடமும் அதுதான். "உங்களிடம் இருக்கும் மாடலுக்கு எங்கள் வாடிக்கையாளர்களிடம் இப்போது நல்ல வரவேற்பு இருக்கிறது, உங்கள் வண்டியை ரூ. 3,60,000 வரை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள விரும்புகிறோம், இந்தச் சலுகை இம்மாதம் 30 வரை மட்டும்" என்று இருந்தது. கீழே மேனேஜர் கையெழுத்து, நீல மை. விரலை ஈரம் பண்ணித் தேய்த்துப் பார்த்தேன், கலையவில்லை. அச்சடித்த கையெழுத்து.

இந்த மாதிரி கடிதம் உங்களில் பலருக்கு வந்திருக்கும். கடிதமாக வராவிட்டாலும் வாட்ஸப்பில் வந்திருக்கும், இல்லாவிட்டால் மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஒரு பெண் போன் பண்ணி "மேடம், உங்க வண்டிக்கு ஒரு கஸ்டமர் வெயிட் பண்றாங்க" என்று சொல்லியிருப்பாள். என் வண்டி விஷயத்தில் என்ன நடந்தது, என்னென்ன கணக்குப் போட்டேன் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். மலையில் வண்டி வைத்திருக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் அந்த "வரை" என்ற சொல். 3,60,000 வரை என்றால் 3,60,000 இல்லை. நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள், இப்படி ஒரு சொல் இருக்கும் தாளில் அந்த எண்ணை எந்தக் கணக்கிலும் ஏற்றமாட்டேன். ஆனால் வீட்டில் கடிதத்தைப் படித்த எல்லோரும், என் தம்பி உட்பட, "மூணு அறுபது தர்றானாமே" என்றுதான் சொன்னார்கள். அச்சில் வந்த எண்ணுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது.

அடுத்தது அது வந்த நேரம். தீபாவளிக்கு முன்னால் வண்டியை சர்வீசுக்கு விட்டிருந்தேன். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, மாற்றணும், பதினாலாயிரம் ஆகும் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன். சரியாக ஒரு மாதத்தில் இந்தக் கடிதம். என் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எந்தச் செலவு எப்போது வரப்போகிறது, லோன் முடிந்ததா இல்லையா, டயர் மாற்றினேனா இல்லையா, எல்லாமே அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பத்து வருஷ சர்வீஸ் பில் இருக்கிறதே. செலவு பக்கத்தில் வந்து நிற்கும் வண்டிக்காரருக்குத்தான் புது வண்டி ஆசையைக் காட்டுவது சுலபம். இதில் ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் "ஒரு கஸ்டமர் வெயிட் பண்றார்" என்று படித்துவிட்டு நம் வண்டிக்காக யாரோ ஏங்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் காத்திருப்பது பெரும்பாலும் நமக்காகத்தான், நாம் வந்து ஒரு புது வண்டி புக் பண்ணுவதற்காக.

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகனிடம் இதைச் சொன்னேன். அங்கே இது ரொம்ப காலமாக இருக்கிறதாம், அவனுக்கும் வருஷத்துக்கு இரண்டு மூன்று வருமாம். ஒரே ஒரு தடவை மட்டும் கடிதத்தில் எழுதியிருந்தது நிஜமாக இருந்தது என்றான். 2021ல் சிப் தட்டுப்பாட்டில் புது வண்டி உற்பத்தி அடிபட்டுக் கிடந்த சமயம், பழைய வண்டிக்கு அங்கே அடிதடி. அந்த வருஷம் ஜூன் மாதக் கணக்குப்படி பழைய வண்டி விலை ஒரே வருஷத்தில் 45 சதவீதம் ஏறியிருந்தது. ஷோரூம்காரர்களுக்கு விற்க வண்டியே இல்லாததால் கடிதத்தில் சொன்ன விலையை நிஜமாகவே கொடுத்தார்கள். அவன் மூன்று வருஷம் ஓட்டிய வண்டியை வாங்கின விலைக்குப் பக்கமாக விற்றான். அதனால் கடிதம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சந்தையில் வண்டிக்குப் பஞ்சமா இல்லையா என்பதை.

நமக்கு இப்போது எப்படி? நேர் எதிர். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் மேலே செஸ் என்ற கூடுதல் வரியுமாக இருந்தது 18 சதவீதமாக இறங்கியது. நாலு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சி.சி. வரை உள்ள பெட்ரோல் வண்டி எல்லாம் இதில் வரும். புது வண்டி விலை குறைந்தால் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கத்தானே வேண்டும். அப்படி இறங்குகிற சமயத்தில் "உங்கள் வண்டிக்கு நல்ல வரவேற்பு" என்று கடிதம் வந்தால் அது எதற்காக என்று புரிந்துகொள்ளலாம்.

ஆனாலும் கூப்பிட்டேன். காரணம் இருந்தது. அப்பாவுக்கு 76 வயசு, முட்டி வலி. என் வண்டி தாழ்வானது, உட்காரும்போது ஒரு தடவை, எழுந்திருக்கும்போது ஒரு தடவை, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்பார். கொஞ்சம் உயரமான வண்டி எடுக்கணும் என்று ஒரு வருஷமாக எனக்கே எண்ணம் இருந்தது.

வண்டியைப் பார்க்க ஒரு பையன் மேலே வந்தான், இருபத்தைந்து வயசு இருக்கும். மழைவிட்ட காலை, வாசலில் வண்டி நின்றது. அவன் வேலை செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும், நல்ல கைகாரன். வண்டியைச் சுற்றி வரவே இல்லை, நேராக டிரைவர் கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை மேலிருந்து கீழே வரைக்கும் உரித்தான். உள்ளே தகட்டை ஒட்டின வெல்டிங் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன, ஒவ்வொரு புள்ளியையும் கட்டைவிரலால் தடவினான். கம்பெனியில் அடித்த புள்ளி ஒரே இடைவெளியில் வட்டமாக, சின்னக் குழியாக இருக்கும், அடிபட்டு வெளியே சரி பண்ணின வண்டியில் இந்த வரிசை கலைந்துவிடும் என்று கேட்டதற்குச் சொன்னான். நாலு கதவும், டிக்கியும் அப்படியே. "பில்லர் எல்லாம் ஒரிஜினல் மேடம், நல்லா வெச்சிருக்கீங்க." அப்புறம் பானெட்டைத் திறந்து ஆயில் மூடியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தான். வெள்ளையாக நுரை மாதிரி லேசாக ஒட்டியிருந்தது. இது நம் ஊர் குளிருக்கும் ஈரத்துக்கும், வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீசிலிருந்து வீடு என்று இஞ்சின் முழுசாகச் சூடாகாமலே ஓடுவதாலும் வருவது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது, கூலண்ட் ஆயிலில் கசிகிறதா என்று அதன் அளவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி மூடினான்.

ஓட்டிப் பார்க்க டானிங்டன் வரை போய்த் திரும்பினோம். ஏற்றத்தில் செகண்ட் கியரில் ஏறும்போது கிளட்ச் மெதுவாக வழுக்கியதை நானே உணர்ந்தேன்.

வந்து டேப்லெட்டில் ஏதோ தட்டினான். 3,05,000 என்று வந்தது. அதிலிருந்து கிளட்சுக்கு 12,000 கழித்தான், டயருக்கு 16,000, கடைசியாக இன்னொரு 12,000. அது எதற்கு என்றேன். "மேல ஓடுன வண்டிங்க மேடம், கீழ இருக்கறவங்க யோசிப்பாங்க." மொத்தம் 2,65,000.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது, நாற்பது வருஷமாக இலை எடை போடும் இடத்தில் நின்ற மனுஷன் அவர். மழை நாளில் இலை ஈரமாக இருக்கிறது என்று நூற்றுக்கு இத்தனை கிலோ கழிப்பார்கள், சாக்குக்குக் கழிப்பார்கள், முற்றல் இலை என்று கழிப்பார்கள். "இது ஈரத்துக்குக் கழிக்கற மாதிரி பாப்பா" என்றார். கழிப்பது தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஈரம் இருப்பது நிஜம்தான், எவ்வளவு என்பதை எடை போடுகிறவன் மட்டுமே முடிவு பண்ணுகிறான் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

மலையில் ஓடிய வண்டி என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. 62,000 கிலோமீட்டர்தான் என்று மீட்டர் காட்டும், ஆனால் அந்த 62,000ல் பெரும்பகுதி இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஓடினது. கிளட்சும் பிரேக்கும் சமவெளி வண்டியை விடச் சீக்கிரம் தேயும். அடிப்பக்கம் ஈரத்தில் துரு பிடிக்கும். ஆனால் இன்னொரு பாதியை யாரும் சொல்வதில்லை. ஏ.சி.யை வருஷத்தில் பத்து நாள் போட்டிருப்போமா? வெயிலில் டேஷ்போர்டு வெளுத்து வெடிக்காது. நெடுஞ்சாலையில் நூறில் ஓடாது. அப்புறம் இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி வர இ-பாஸ் எடுக்கணும், நீலகிரிப் பதிவு வண்டிக்கு அது வேண்டாம். கோயமுத்தூரில் ஒரு ரூபாய்க்கும் உதவாத டி.என். 43, நம் ஊர்க்காரனுக்கு ஒவ்வொரு தடவை கீழே போய்த் திரும்பும்போதும் நிம்மதி. ஷோரூம்காரர் இந்த வண்டியைக் கீழே கொண்டுபோய் விற்கப் போகிறார், அதனால் கீழ் விலைதான் போடுவார். மலை வண்டியை மலையில் விற்பதுதான் சரி என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது.

ஷோரூம்காரர் பக்கமும் பேச வேண்டும். வண்டியை வாங்கி, கழுவி, பெயிண்ட் தொட்டு, டயர் போட்டு, விற்கும் வரை பணத்தை முடக்கி, வாங்குகிறவருக்கு வாரண்டி கொடுத்து, அதற்கு மேல் 2025 ஜனவரியிலிருந்து வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டணும், சின்ன வண்டிக்கு முன்னால் 12 ஆக இருந்தது. நானும் நீங்களும் நேருக்கு நேர் விற்றால் இந்த வரி கிடையாது. அதனால் தனி ஆள் கொடுக்கும் விலையை ஷோரூம் கொடுக்க முடியாது, குறையத்தான் செய்யும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மறுநாள் சேல்ஸ் பெண் போனில் "2,65,000, ப்ளஸ் எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000, டோட்டலா 2,90,000 வருது மேடம்" என்றாள். நான் புது வண்டிக்குக் கொட்டேஷன் இரண்டு கேட்டேன், பழைய வண்டி கொடுத்தால் எவ்வளவு, கொடுக்காமல் வெறும் பணம் கட்டினால் எவ்வளவு. கொஞ்சம் தயங்கினாள், பிறகு இரண்டையும் அனுப்பினாள். எக்ஸ்சேஞ்ச் இல்லாவிட்டால் தள்ளுபடி 35,000. எக்ஸ்சேஞ்ச் இருந்தால் தள்ளுபடி 10,000. அந்த 25,000 போனஸ் என்பது இந்தப் பையிலிருந்து எடுத்து அந்தப் பையில் போட்டதுதான். ஆக என் வண்டிக்கு விலை 2,65,000தான், அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. எல்லா இடத்திலும் இப்படி இருக்கும் என்று சொல்லவில்லை, கம்பெனியே தனியாக போனஸ் தருகிற மாதங்கள் உண்டு. ஆனால் இரண்டு கொட்டேஷனும் எழுத்தில் வாங்காமல் அது தெரியாது. பழைய வண்டி விலையையும் புது வண்டி விலையையும் ஒரே மூச்சில் பேச விடாதீர்கள், தயவுசெய்து.

சரி, இப்போது வயிற்றைக் கலக்கின கதை.

அப்பாவிடம் ஒரு மாருதி 800 இருந்தது, 2004 மாடல், வெள்ளை. இந்த மலையில் அந்த வண்டிக்கு இருந்த மரியாதை உங்களுக்குத் தெரியும், ஊட்டி ரோட்டில் எந்தத் திருப்பத்திலும் ஒரே சுற்றில் திரும்பும். 2014 ஜனவரியில் அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டு அப்பா வருத்தப்பட்டார். 2016ல் தம்பி வேறொரு ஷோரூமில் புது வண்டி எடுத்தபோது இதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தார்கள். அப்போதும் இப்படி ஒரு கடிதம் வந்துதான் போனார்கள். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், இரண்டு சாவி எல்லாம் கொடுத்தாயிற்று. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டையும் நீட்டி "இங்க, இங்க, இங்க ஒரு சைன் சார்" என்றார்கள். வாங்குகிறவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அப்பா போட்டார். "பேர் மாத்தறது எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க கவலையே படாதீங்க." ஒரு டெலிவரி நோட் கொடுத்தார்கள், அதில் தேதி இருந்தது, நேரம் இல்லை.

2019ல் ஒரு நாள் தபாலில் கவர், அதில் அந்தப் பழைய நம்பர். கீழே ஒரு ஊரில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ். 2018ல் அந்த 800, ரோட்டைக் கடந்த ஒரு பைக்கில் மோதி, காலேஜ் படிக்கும் பையனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. வண்டியின் உரிமையாளர் என்று அப்பா பெயர். ஷோரூம்காரர் வண்டியைப் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு ஆட்டோ கன்சல்டிங்குக்குக் கொடுத்திருக்கிறார், கன்சல்டிங்காரர் இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு. அப்பா கையெழுத்துப் போட்ட அந்தக் காலிப் படிவங்கள் வண்டியோடு சேர்ந்தே கை மாறிக்கொண்டு இருந்திருக்கின்றன. யாரும் நிரப்பவில்லை. பேர் மாற்றினால் செலவு, அடுத்தவனுக்கு விற்கும்போது ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடும், விலை குறையும். அதனால் மூன்று வருஷமும் அது அப்பா வண்டியாகவே ஓடியிருக்கிறது.

"நான்தான் வித்துட்டேனே" என்று அப்பா சொன்னார். வக்கீல் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: வித்தது உங்களுக்குத் தெரியும், ஆர்.டி.ஓ. பதிவேட்டுக்குத் தெரியாது. 2018 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி கை மாறி கை மாறிப் போன ஒரு காரின் வழக்கில், விபத்து நடந்த அன்றைக்குப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. யோசித்தால் அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. அடிபட்டுக் கிடக்கிறவன், வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடிக்கொண்டு அலைய முடியுமா? ஆனால் அந்த நியாயத்தின் எடை விழுந்தது எழுபது வயசில் இருந்த ஒரு தேயிலை விவசாயியின் தலையில்.

இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தது, அதுதான் காப்பாற்றியது. கடைசியாக வாங்கினவர் தேர்டு பார்ட்டி புதுப்பித்திருக்கிறார், ஆர்.சி.யில் அப்பா பெயர் இருந்ததால் பாலிசியும் அப்பா பெயரிலேயே. அப்பா பணம் கட்டாத, பார்த்தே இராத பாலிசி. இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கட்டியது. அந்த மனிதர் அந்த வருஷம் இன்சூரன்ஸ் போடாமல் விட்டிருந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம் போயிருக்கும். பதினொரு தடவை அப்பா விடிகாலை பஸ் பிடித்துக் கீழே போய் வந்தார். ஒரு தடவை நானும் போனேன். அந்தப் பையன் ஊன்றுகோலோடு அம்மாவுடன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அப்பா நேராகப் போய் "கால் எப்படி இருக்கு தம்பி" என்று கேட்டார். அந்த அம்மா எங்களை நிமிர்ந்து பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை, அவர்களுக்கு எங்கள் வண்டிதானே இடித்தது.

விற்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இந்தப் பதிவே. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவு விற்றவருக்கும் ஒரு கடமை வைத்திருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் விற்றவர் படிவம் 29ல் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றக் கேட்கணும். "நாங்க பாத்துக்கறோம்" என்ற வார்த்தையை நம்பி முதல் வேலையை நாம் விட்டுவிடுகிறோம்.

வாங்குகிறவர் வியாபாரியாக இருக்கும்போது ஒரு சிக்கல் இருந்தது. அவர் வைத்து ஓட்டப்போவதில்லை, விற்கப்போகிறார், அதனால் தன் பெயருக்கு மாற்ற மாட்டார். இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு புது விதி கொண்டுவந்திருக்கிறது. பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்கணும், அது படிவம் 29பி. நம் வண்டியை அவர் கையில் கொடுத்ததும் படிவம் 29சி மூலம் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் இரண்டு பேருமாகத் தெரிவிக்கணும். அந்த நிமிஷத்திலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார், வண்டியால் வருகிற எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு. டெஸ்ட் டிரைவ், ரிப்பேர், பெயிண்ட் மாதிரி வேலை தவிர அவர் அந்த வண்டியை ரோட்டில் எடுக்கவும் கூடாது, எடுத்தால் பதிவேட்டில் எழுதணும். 2016ல் இந்த விதி இருந்திருந்தால் அப்பா ஒரு தடவைகூட அந்த பஸ் ஏறியிருக்க மாட்டார்.

அதனால் சேல்ஸ் பெண்ணிடம் நான் விலை பேசவே இல்லை. "சாவி வாங்கற அன்னைக்கே 29சி போட்டுத் தருவீங்களா? உங்க 29பி நம்பர் என்ன?" என்று மட்டும் கேட்டேன். "அது என்னங்க மேடம்?" என்றாள். விளக்கினேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மேனேஜர் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார், "எங்க ஏஜென்ட் ஒருத்தர் எடுத்துக்குவாருங்க மேடம், பதினஞ்சு இருபது நாள்ல பேர் மாறிடும், நாங்க கியாரண்டி" என்றார். கடிதத் தலைப்பில் ஷோரூம் பெயர், வாங்கப்போவது யாரோ ஏஜென்ட். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டேன். 29சி போட்டுத் தந்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், 2,65,000க்கே கொடுத்திருப்பேன்.

எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விட்டேன், கிளட்ச் செட் 8,500ல் மாற்றிக் கொடுத்தார். கட்டபெட்டில் இருக்கும் ஒரு டீச்சர், என் ஆபீஸ் தோழியின் அக்கா, 3,10,000க்கு எடுத்துக்கொண்டார். வண்டியின் பத்து வருஷ சர்வீஸ் பில்லையும் கொடுத்தேன், அந்த ஆயில் மூடி நுரையைக்கூடக் காட்டிவிட்டேன். கிளட்ச் செலவு போக 3,01,500, ஷோரூம் கணக்கை விட 36,500 கூட. லோன் எப்போதோ முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே இருந்தது. அதற்கு பேங்கில் பாக்கி இல்லை என்ற என்.ஓ.சி. வாங்கி, படிவம் 35 கொடுத்து நீக்க ஒரு வாரம் ஆனது, இதை முதலிலேயே பண்ணி வைத்துவிடுவது நல்லது. பாஸ்டேக்கை மூடினேன்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஷோரூமில் யாரும் வாயே திறக்காத ஒன்று இருக்கிறது. நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை, அது நம்முடையது. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. விற்ற பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியில் அதற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கி, மூன்று வருஷத்துக்குள் எடுக்கும் புது வண்டிக்குக் காட்டலாம். எனக்குப் புது வண்டி பிரீமியத்தில் 9,000க்கு மேல் குறைந்தது. புது வண்டியை அதே ஷோரூமில்தான் எடுத்தேன், 35,000 தள்ளுபடியோடு. பக்கத்தில் சர்வீஸ் நல்லபடி செய்கிற இடம் அதுதான், அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

டீச்சரும் நானும் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகம் போனோம். படிவம் 29, 30ல் எல்லாக் கட்டமும் நிரம்பின பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ஆதார் நகலில் "இந்த வண்டி பெயர் மாற்றத்துக்கு மட்டும்" என்று வண்டி நம்பரோடு குறுக்கே எழுதிக் கொடுத்தேன். டெலிவரி நோட்டில் தேதி, நேரம், மீட்டர் எண் மூன்றும். வண்டியை அன்றைக்கே அவர் ஓட்டிப் போனார்.

ஒரு சாவியோடுதான் போனார். இரண்டாவது சாவியை அப்பா தரவில்லை. பழைய வழக்குக் காகிதங்கள் இருக்கும் மஞ்சள் ஃபைலில் போட்டு பீரோவில் வைத்துவிட்டார். டீச்சரிடம் சங்கடத்தோடு சொன்னேன், கதை முழுசும் கேட்டுவிட்டு "ஐயா கிட்டயே இருக்கட்டுங்க அக்கா" என்றார். தினமும் காலையில் டீ குடித்ததும் அப்பா என் போனை வாங்கி, பரிவாகன் செயலியில் அந்த நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்வார். என் பெயரின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் நடுவில் நட்சத்திரங்களுமாக வரும். இன்னும் மாறலே என்பார். பன்னிரண்டாம் நாள் வேறு எழுத்து வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார், டீச்சர் பெயரைச் சொல்லச் சொல்லி எழுத்தைச் சரிபார்த்தார். அப்புறம் பீரோவைத் திறந்து சாவியை எடுத்து, ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே வண்டி நம்பரைத் தன் கையாலேயே எழுதி என்னிடம் கொடுத்தார்.